ஃப்ளூ ஊசி: கடலூர், புதுச்சேரிக்கு எந்த மாசம்? பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் இந்த வருஷம் பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தப் போகிறோம். ஊசி போட ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மருந்து வாங்குவதும் தேதி குறிப்பதும் எங்கள் பொறுப்பு.

2025 ஜூலை கடைசியான இப்போது கடையில் இருப்பது "எஸ்.எச். 2025" என்று போட்ட பெட்டி, அதாவது தென்கோளத்துக்கானது. செப்டம்பருக்கு மேல் "என்.எச். 2025-26" வரும் என்கிறார்கள். நாம் இருப்பது வடகோளத்தில்தானே, அதற்காகக் காத்திருக்கணுமா? போன அக்டோபரில் போட்டுக்கொண்டவர்கள் "அதே ஃப்ளூதானே, மறுபடி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். தட்டம்மை ஊசி மாதிரி இது ஏன் காலத்துக்கும் நிற்பதில்லை? ஊசி போட்டும் காய்ச்சலில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? விஷயம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி (புதுச்சேரி)

ஏன் நிற்பதில்லை என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பிடிபட்டால் மற்றது சுலபம்.

இன்ஃப்ளுயன்சா ஆர்.என்.ஏ வைரஸ். ஏ, பி இரண்டு வகைக்கும் மரபுப்பொருள் எட்டுத் துண்டாக இருக்கிறது, மொத்தம் சுமார் 13,500 முதல் 14,500 மரபெழுத்து. அதைப் படியெடுக்கிற நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் புதுப் பிரதி ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு எழுத்து மாறிப்போகும். பல பேர் விளக்கத்தை இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விளக்கம்தான். தட்டம்மையும் ஆர்.என்.ஏ வைரஸ்தான், அதன் நொதியும் இதே மாதிரி பிழை விடும். ஆனால் தட்டம்மை வைரஸின் மேற்பரப்பில் நம் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பிடிக்கிற இடங்கள் மாறினால், அந்த வைரஸால் செல்லுக்குள் நுழையவே முடியாமல் போகும். அதனால்தான் 1960-களில் செய்த தட்டம்மை ஊசி இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஃப்ளூவில் கதை வேறு. அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் உண்டு. அதற்குத் தலையும் தண்டும் இருக்கின்றன. தலையின் உச்சியில் சின்னப் பள்ளம். நம் மூச்சுக்குழல் செல்லில் உள்ள சயாலிக் அமிலத்தை வைரஸ் அந்தப் பள்ளத்தால்தான் பிடிக்கிறது. பள்ளம் மாறக் கூடாது, ஆனால் அதன் விளிம்பு தாராளமாக மாறலாம். நம் உடம்பு செய்கிற வலுவான எதிர்ப்பொருள்கள் உட்காருவதோ அந்த விளிம்பில். 1968 முதல் 2003 வரை எச்3என்2 (ஏ வகையின் ஒரு பிரிவு, எச்1என்1 இன்னொன்று) எடுத்த பெரிய தாவல்களை ஆராய்ந்து 2013-ல் வந்த ஆய்வு, அவை பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டிய ஏழே இடங்களில் நடந்த மாற்றங்கள் என்று காட்டியது. ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும், போன வருஷ எதிர்ப்பொருள் வழுக்கிவிடும். சில சமயம் மாற்றத்தோடு சர்க்கரைச் சங்கிலி ஒன்றும் வந்து ஒட்டிக்கொண்டு அந்த இடத்தையே மூடிவிடும். 2014 வாக்கில் எச்3என்2-வின் ஒரு கிளையில் 160-ஆம் இடத்தில் நடந்தது இதுதான்.

இப்படி மாறிவிட்டதை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வைரஸைக் கொடுத்த ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணியின் சீரத்தை (எதிர்ப்பொருள் உள்ள ரத்தத் தெளிநீரை) 10, 20, 40, 80 என்று இரட்டிப்பாக நீர்க்கச் செய்து, 96 குழித் தட்டில் வரிசையாக விடுவார்கள். குழி ஒவ்வொன்றிலும் புது வைரஸ், அதன்மேல் வான்கோழி ரத்தச் சிவப்பணு. அரை மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பார்க்கணும். எதிர்ப்பொருள் வைரஸைப் பிடித்திருந்தால் சிவப்பணு அடியில் பொட்டு மாதிரி படிந்து, சாய்த்ததும் கண்ணீர்த் துளி போல வழியும். பிடிக்காவிட்டால் வைரஸ் அணுக்களைப் பின்னிவிடும், குழி முழுக்க இளஞ்சிவப்பாக மூடியிருக்கும். பழைய வைரஸை 1280 வரை தடுத்த சீரம் புது வைரஸை 160 வரைதான் தடுக்கிறது என்றால் எட்டு மடங்கு வித்தியாசம். ஊசியின் சரக்கை, அதாவது அதில் உள்ள வைரஸ் ரகங்களை, மாற்றலாமா என்று அங்கேதான் யோசிக்க ஆரம்பிப்பார்கள். அண்மைக்கால எச்3என்2 கிளைகள் சிவப்பணுவைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், அவற்றைச் செல்லில் வளர்த்து, எதிர்ப்பொருள் முடக்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

உங்கள் அக்டோபர்க்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் போன வருஷம் போட்டது 2024-25 பெட்டி என்றால் அதிலிருந்த எச்3என்2, ஏ/தாய்லாந்து/8/2022. 2025 பெட்டியில் இருப்பது ஏ/குரோவேஷியா/10136ஆர்வி/2023. எச்1என்1-க்கு ஏ/விக்டோரியா/4897/2022, பி-க்கு பி/ஆஸ்திரியா/1359417/2021. இவை இரண்டும் மாறவில்லை. பி/ஆஸ்திரியா 2022-லிருந்து 2025 வரை அப்படியே இருக்கிறது. அதே காலத்தில் எச்3என்2 மட்டும் டார்வின், தாய்லாந்து, குரோவேஷியா என்று மூன்றாகிவிட்டது. வேகமாக ஓடுவது அதுதான், வயசானவர்களை அதிகம் சாய்ப்பதும் அதுதான். (பெயரைப் படிக்கும் முறை: வகை, எடுத்த ஊர், ஆய்வக எண், ஆண்டு.)

சரக்கு மாறாத வருஷத்திலும் ஊசி வேண்டும். எதிர்ப்பொருள் மாசா மாசம் இறங்கிக்கொண்டே இருக்கும். போன அக்டோபரில் போட்டது வரும் நவம்பருக்கு நிற்கும் என்று நம்ப முடியாது.

நுண்ணோக்கி (புதுச்சேரி)

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். ஊசி போட்டும் காய்ச்சல் வருவதற்குக் காரணம் பல. மழைக்காலத்தில் ஆர்.எஸ்.வி, ரைனோ, அடினோ என்று காய்ச்சலும் சளியும் தரும் வேறு வைரஸ்கள் எல்லாம் கூடவே சுற்றும். அவற்றை இந்த ஊசி தடுக்காது. போட்டு இரண்டு வாரம் ஆகுமுன்னே தொற்றினாலும் பயனில்லை.

உண்மையிலேயே ஃப்ளூ வந்தவர்களும் உண்டு. ஊசி சரக்குக்கும் ஊரில் சுற்றும் வைரஸுக்கும் நன்றாகப் பொருந்திய வருஷத்திலேயே பலன் 40 முதல் 60 சதவீதம்தான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் எச்1என்1-க்கு 61, பி-க்கு 54, எச்3என்2-க்கு வெறும் 33 சதவீதம். பொருந்தாத வருஷம் இன்னும் மோசம். 2014 பிப்ரவரியில் வடகோளத்துக்கு ஏ/டெக்சாஸ்/50/2012-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மாறிய எச்3என்2 மார்ச் கடைசியில்தான் கண்ணில் பட ஆரம்பித்தது. தொழிற்சாலைகள் அதற்குள் தேர்ந்தெடுத்த வைரஸைக் கோழிமுட்டையில் வளர்க்க ஆரம்பித்துவிட்டன. அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் மொத்தப் பலன் 19 சதவீதம்.

அந்த முட்டையே இன்னொரு சிக்கல். மனிதரிடம் ஓடும் வைரஸைக் கோழிமுட்டையில் வளர்த்தால் அது முட்டையின் செல்லுக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. மேலே சொன்ன 160-ஆம் இடத்துச் சர்க்கரைச் சங்கிலி, 2016-17 ஊசிக்காக முட்டையில் வளர்த்த வைரஸில் உதிர்ந்தேபோனது. ஊருக்குள் சுற்றியது மூடி போட்ட வைரஸ், ஊசி பழக்கிக் கொடுத்தது மூடி இல்லாத வைரஸை. செல்லில் வளர்க்கிற ஊசியிலும், வைரஸை வளர்க்காமல் புரதத்தை மட்டும் மரபுப் பொறியியலால் செய்கிற ஊசியிலும் இந்தச் சிக்கல் கிடையாது.

ஆக உங்கள் ஆட்களிடம் "ஊசி போட்டால் ஃப்ளூ வராது" என்று சொல்லாதீர்கள். வரும் வாய்ப்பு குறையும், வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போவது குறையும். சர்க்கரை, இதயம், ஆஸ்துமா உள்ள 65 வயசுக்காரருக்கு அந்த இரண்டாவதே பெரிய லாபம்.

கொண்டல் (கடலூர் முதுநகர்)

மாசத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வடகோளம், தென்கோளம் என்ற பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை கூடுகிறது. பிப்ரவரியில் வடகோளக் குளிர்காலத்துக்கும், செப்டம்பரில் அடுத்த வருஷத் தென்கோளக் குளிர்காலத்துக்கும் சரக்கு சொல்கிறது. தயாரித்து வெளியே வர ஆறு மாசம் பிடிக்கும். நமக்கு அந்த மாதிரிக் குளிர்காலமே இல்லை. நாம் பார்க்க வேண்டியது நம் ஊரில் ஃப்ளூ எப்போது ஏறுகிறது, அதற்கு முன்னால் கிடைக்கிற பெட்டிகளில் எது புதுசு என்பதைத்தான்.

இந்தியாவுக்கு ஒரே ஃப்ளூ பருவம் கிடையாது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச். டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு. சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பர். கடலூரும் புதுச்சேரியும் அதே வடகிழக்குப் பருவமழைக் கரை. ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது ஏறும். டெல்லி டாக்டர்கள் "மழைக்கு முன்னால் மே மாசம் போடுங்கள்" என்று சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கே மே மாசம் போட்டால் நவம்பரில் பாதி வேகம் இறங்கியிருக்கும்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் பெரியவர்களுக்கு செப்டம்பர் முதல் அக்டோபர் முதல் வாரத்துக்குள். ஒன்பது வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் முதல் தடவை போடுகிறார்கள் என்றால் நான்கு வாரம் இடைவெளியில் இரண்டு டோஸ். அவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே முதல் டோஸ் போட்டுவிடுங்கள். இரண்டாவதைப் பெரியவர்கள் முகாமன்றே கொடுத்துவிடலாம். கர்ப்பிணிகளை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள். எந்த மாசமானாலும் போடலாம், பிறக்கிற குழந்தைக்கும் முதல் ஆறு மாசம் அதுதான் காப்பு, அந்த வயசில் குழந்தைக்கே ஊசி கிடையாது.

ஃப்ளூ ஐப்பசியில் மட்டுமே வரும் என்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 ஏறியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு 16-ஆம் தேதியிலிருந்து 26 வரை விடுமுறை விட்டது. செப்டம்பரில் போட்ட ஊசிக்கு மார்ச் வரை கொஞ்சமாவது தெம்பு இருக்கும். மே மாசம் போட்டதற்கு இருக்காது.

இந்த 2025-ல் ஒரு சௌகரியம். எஸ்.எச். 2025-க்கும் என்.எச். 2025-26-க்கும் சொல்லப்பட்ட மூன்று சரக்கும் ஒன்றே. ஆகவே பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மாசத்துக்காக மட்டும் காத்திருந்தால் போதும். எல்லா வருஷமும் இப்படி அமையாது. 2023-ல் எஸ்.எச். பெட்டியில் எச்1என்1 சிட்னி, அந்த வருஷ என்.எச். பெட்டியில் விக்டோரியா/4897. அந்த மாதிரி வருஷத்தில் செப்டம்பரில் போடுகிறவர்கள் என்.எச். பெட்டியைக் கேட்டு வாங்கணும்.

குளிர்ப்பெட்டி (நெல்லிக்குப்பம்)

கொண்டல் சார் சொன்ன மாசக் கணக்கு சரி. ஆனால் சரக்கு கைக்கு வருவதில் ஒரு பிரச்சினை இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் எஸ்.எச். தீர்ந்துபோய், என்.எச். வந்து சேராத இடைவெளி ஒன்று விழும். முகாம் தேதி வைத்துவிட்டுப் பெட்டி இல்லாமல் நிற்கக் கூடாது. மொத்த விற்பனையாளரிடம் இப்போதே எண்ணிக்கை சொல்லி, முன்பணம் கட்டி, முகாமன்று காலையில் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். எஸ்.எச். பெட்டியாக இருந்தால் காலாவதித் தேதி நவம்பருக்கு அப்பால் இருக்கிறதா என்று பில் போடும்போதே பாருங்கள்.

தயவுசெய்து யார் வீட்டு ஃபிரிட்ஜிலும் வாங்கி வைக்காதீர்கள். இந்த ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி. வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழ்த்தட்டிலும் பின்சுவரை ஒட்டியும் சுழியத்துக்குக் கீழே போகும், கதவுத் தட்டில் 10, 12-க்கு ஏறும். உறைந்து உருகிய ஊசியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முத்தடுப்பு மாதிரி அலுமினியம் சேர்த்த ஊசியென்றால் குலுக்கி வைத்து வண்டல் இறங்கும் வேகத்தை வைத்துச் சொல்லலாம். வழக்கமான ஃப்ளூ ஊசியில் அலுமினியம் இல்லை, அந்தச் சோதனை இதற்குச் செல்லாது. சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுவது ஒன்றே வழி.

கொண்டுவரும் பெட்டியில் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைக்கக் கூடாது. வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்கிற வரை விட்டு, அப்புறம் வைக்கணும். ஊசிக்கும் ஐஸ் பேக்குக்கும் நடுவில் அட்டை ஒன்று கொடுங்கள். ஒரு வெப்பமானி உள்ளேயே கிடக்கட்டும், வாங்கும்போது அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு பெரியவர்களுக்கு 0.5 மில்லி, ஒரு டோஸ். பிள்ளைகளுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு இருந்திருக்கிறது. இப்போது பெரும்பாலும் ஆறு மாசத்திலிருந்தே 0.5 மில்லிதான், ஆனாலும் வாங்கும் பெட்டியின் துண்டுச்சீட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு கடைக்காரர் "நாலு வைரஸ் ஊசிதான் ஒசத்தி, மூணு போட்டா பத்தாது" என்று விலை கூடிய பெட்டியை நீட்டுகிறார். அடுத்தது, பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் எல்லோரும் கோழியை நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஊசி அதற்கும் காக்குமா?

நுண்ணோக்கி (புதுச்சேரி)

நாலாவதாக இருப்பது பி வகையின் யமகத்தா கிளை, பெட்டியில் பி/புக்கெட்/3073/2013 என்று இருக்கும். 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்குமே அந்தக் கிளை இயற்கையாகச் சுற்றுவது உறுதிப்படவில்லை. கொரோனாக் கட்டுப்பாடுகளில் அது அற்றுப்போய்விட்டது என்றே கருதுகிறார்கள். 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை நீக்கலாம் என்று சொல்லிவிட்டது. நாலு உள்ள பெட்டி கெடுதல் இல்லை, கூடுதல் லாபமும் இல்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு பேருக்குப் போடுங்கள். ஒரு வைரஸுக்கு 15 மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின் இருக்கணும், அதை மட்டும் பாருங்கள். நாலு வைரஸ் பெட்டியில் மொத்தம் 60 என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஒரு வைரஸுக்கே 60 உள்ள முதியோருக்கான உயர் அளவு ஊசி என்று நினைத்துவிட வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் எச்5என்1. நம் ஊசியில் அது இல்லை, காக்காது. ஆனால் ஒரு தொடர்பு உண்டு. எட்டுத் துண்டு என்றேனே, இரண்டு வேறு ஃப்ளூ வைரஸ் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் கலந்து புது வைரஸ் பிறக்கும். 1957-லும் 1968-லும் பறவை வைரஸின் துண்டுகள் மனித வைரஸுக்குள் புகுந்துதான் பெருந்தொற்று வந்தது. 2009 எச்1என்1 பன்றிகளில் பலமுறை கலந்து வந்தது. கோழிப்பண்ணையிலும் கறிக்கடையிலும் வேலை செய்பவருக்குச் சாதாரண ஃப்ளூவும் எச்5என்1-ம் ஒரே நேரத்தில் தொற்றுவதுதான் பயப்பட வேண்டிய சேர்க்கை. அதனால் உங்கள் தெருவில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், வயசு பார்க்காமல் முகாமுக்குக் கூப்பிடுங்கள். வெந்த கறி, வெந்த முட்டை சாப்பிடுவதில் பயம் வேண்டாம். 70 டிகிரி சூட்டில் வைரஸ் செத்துவிடும். செத்த கோழியையோ வாத்தையோ வெறுங்கையால் தூக்காதீர்கள்.

குளிர்ப்பெட்டி (நெல்லிக்குப்பம்)

முகாமன்று கவனிக்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். சிரிஞ்சை வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் நன்றாகக் குலுக்கிப் போடணும், தோள்பட்டைத் தசையில். நடக்காத குழந்தைக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் உங்கள் பட்டியலில் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களுக்கு 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி, போட்டதும் தேய்க்காமல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். அன்றைக்குக் கடும் காய்ச்சல் உள்ளவர்களைத் திருப்பி அனுப்புங்கள், சளி மட்டும் என்றால் போடலாம். முட்டை ஒவ்வாமை இன்றைக்குத் தடை இல்லை. முன்பு ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத் திணறல் வந்தவர்களுக்குப் போடக் கூடாது. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே (நரம்பு பாதித்துக் கை கால் தளரும் நோய்) வந்தவர்களை டாக்டரிடம் தனியாகக் காட்டுங்கள்.

போட்டபின் எல்லோரும் 15 நிமிஷம் நாற்காலியில் உட்காரணும். யாருக்காவது கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட, மேசைமேல் அட்ரினலின் 1:1000 ஆம்ப்யூல் உடைக்கத் தயாராக இருக்கட்டும். பெரியவர்களுக்கு 0.5 மில்லி, பிள்ளைகளுக்கு கிலோவுக்கு 0.01 மில்லி, தொடைத் தசையில். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொருவர் சீட்டிலும் தேதி, கம்பெனி, பேட்ச் எண்ணோடு "எஸ்.எச். 2025" அல்லது "என்.எச். 2025-26" என்பதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த வருஷம் அந்தச் சீட்டைப் புதுப் பெட்டியோடு வைத்துப் பார்த்தால் எது மாறியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.